தொடர்ச்சி ஐந்தாம் பக்கம்

வலது கையில் இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நிற்கிறது. இடது கை ஒரு செய்தித்தாளை மேசையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. என் சட்டை பாதி மடிப்பில் காத்துக் கிடக்கிறது. தெருவுக்கே அக்காவான இஸ்திரி அக்கா படித்துக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் துணி ஆயிற்றா என்று கேட்பவருக்குப் பதில் கிடைக்காது, ஒரு முறைப்புதான் கிடைக்கும்.

எங்கள் கட்டடத்தின் வெளிப்படிக்கட்டு தெருவுக்குள் துருத்திக்கொண்டிருக்கிறது. அதன் அடியில்தான் கடை. ஒரு மேசை, அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கீழே கரி மூட்டை. இரவில் இஸ்திரிப் பெட்டியும் அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். துணியைச் சுற்றிக் கட்டப் பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள் வாங்கி வருவார். எந்தத் தாள் எந்த மாதத்தது என்பது எடைபோட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. வந்ததும் வராததுமாக ஒவ்வொரு தாளின் மேல்விளிம்பையும் பட்டையாகக் கிழித்து வைத்துக்கொள்வார். வீட்டுக் கதவு எண்ணை எழுதித் துணிக்கட்டில் செருக அது வசதி. தேதியும் அந்தப் பட்டையோடு போய்விடும். அதை ஏன் கிழிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தேதிய வச்சுக்கிட்டு என்ன தம்பி பண்றது? விஷயம் எல்லாம் கீழதானே இருக்கு."

ஆகவே அக்காவின் உலகத்தில் திருடன் முதலில் பிடிபடுவான், பிறகுதான் திருட்டு நடக்கும். ராஜினாமா செய்த மந்திரி மறுவாரம் பதவியேற்பார். எப்போதோ கரை கடந்த புயலுக்குப் பயந்து, மண்டையைப் பிளக்கும் வெயிலில் என்னைக் குடை எடுத்துப் போகச் சொன்னார். தொடர்கதையில் இறந்துபோன கதாநாயகன் போன வாரம் வந்து கதவைத் தட்டியபோது, இவனுக்காகத்தானே அழுதோம் என்று நாளெல்லாம் குழம்பினார். 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்' என்று வந்துவிட்டால் இன்னும் தொல்லை. அந்தப் பக்கம் யாருடைய பேண்ட்டைச் சுற்றிப் போனதோ! மாடிவீட்டு வங்கிக்காரரின் கதவைத் தட்டித் தாளைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. அக்கா ஒரு தாளை என் முன்னால் நீட்டினார். எங்கள் தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம், ஓரத்துக் கடைகளை எடுத்துவிடுவார்களாம். எந்தெந்தக் கடைகள் என்று சொல்ல ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்று, தொடர்ச்சி ஐந்தாம் பக்கம் என்றது. மேல்விளிம்பை வழக்கம்போலக் கிழித்தாயிற்று, தேதி இல்லை. முன்பும் ஒருமுறை இப்படிப் பேச்சு கிளம்பி அடங்கியதுண்டு. இது அந்தப் பழைய செய்தியா, புதிதா?

"நடந்து முடிஞ்சதா, நடக்கப் போவுதா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

பக்கத்துத் தெருத் தையல்காரர் தன் கடையில் ஒரு மூலையைத் தருவதாகச் சொல்லி, சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். போனால் எங்கள் தெருத் துணி பின்னாலேயே வராது. அவ்வளவு தூரம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பார்கள்? நானே நடக்கமாட்டேன். போகாமல் இருந்து இந்த இடமும் போய்விட்டால், அந்த மூலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்திருப்பார்.

பெரிய மனிதனாட்டம் கைபேசியை எடுத்துத் தேடினேன். வேலையை நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு செய்தி. அடுத்த மாதம் தொடங்குவதாக இன்னொன்று. பிறகு ஒரு வீடியோ. அதில் இடிபட்டுக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஊரின் தெரு. எல்லாவற்றிலும் தேதி இருந்தது, எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், மாடியில் கேளுங்கள் என்றார்கள். மாடியில் இருந்தவர் கீழே கேட்கச் சொன்னார். திரும்பி வந்து அக்காவிடம் கையை விரித்தபோது வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கம் கிடைத்தது. வங்கிக்காரரின் மனைவி அதைச் சமையலறை அலமாரித் தட்டில் விரித்திருந்தார்; நடுவில் எண்ணெய்ப் பாட்டிலின் வட்டக் கறை. அக்கா என்னைப் படிக்கச் சொன்னார். அகற்றப்படும் கடைகள் எவை என்பது பின்னர் அறிவிக்கப்படும் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். அவ்வளவுதான். மிச்சப் பக்கம் முழுக்க மெத்தை விளம்பரம். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இதைச் சொல்லவா அஞ்சாம் பக்கம் வரைக்கும் போனாங்க?" என்றார்.

மறுநாள் தையல்காரர் வந்தபோது அக்கா தலையை நிமிர்த்தவேயில்லை. "நான் எங்கயும் வரலண்ணே. நான் இங்கதான் இருப்பேன்." அவர் திரும்பிப் போனார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் சட்டைகளை நினைத்து வந்த நிம்மதியும் அதில் கொஞ்சம் உண்டு.

அன்று மாலை கடையைக் கட்டும் நேரத்தில் பெட்டியிலிருந்த கரியைக் கொட்டி அணைத்தார். வழக்கமாக அத்தோடு பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்று அது ஆறும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு எண்ணெய்க் கறை படிந்த ஐந்தாம் பக்கத்தை எடுத்துப் பெட்டியைச் சுற்றினார், நூலால் கட்டினார், கனம் தாங்காமல் ஒருபக்கம் சாய்ந்தபடி அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.