சிவப்புப் பட்டத்தை அறுத்தது யார்?

அன்று அந்தச் சிவப்புப் பட்டத்தை என் அக்கா அறுத்தாளா, அல்லது எதிராளி விட்டுக்கொடுத்தாரா? இருபது வருடங்களுக்கு மேலாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால் ஊன்றாது. ஆகஸ்ட் பதினைந்து வந்தால் டெல்லியில் எங்கள் சரோஜினி நகர் வானம் முழுக்கப் பட்டங்கள்தான். எந்தப் பட்டம் எதை அறுக்கும் என்று அக்கா பால்கனியில் உட்கார்ந்தபடியே சரியாகச் சொல்லுவாள். அந்த வருடம் ஊரிலிருந்து வந்திருந்த மாமா, யாரையும் கேட்காமல் அவளை உப்புமூட்டை தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்.

அம்மா பதறி ஓடினாள். "விழுந்து கிழுந்து வச்சா யாருட்ட போய்ச் சொல்ல?" என்று திட்டிக்கொண்டே, மாமா அக்காவை உட்காரவைத்திருந்த நாற்காலியைத் தண்ணீர்க் குழாயோடு பழைய சேலையால் கட்டினாள்.

"நான் என்ன மாடாம்மா, இப்படிக் கட்டுதிய?" என்றாள் அக்கா.

நூல் சுற்றிய சர்க்கியைப் பிடிப்பது என் வேலை. ஆனால் மாமா தன் திட்டத்தை முந்தின இரவே என் காதில் மட்டும் சொல்லியிருந்ததால், அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். 'பையா', அதாவது அண்ணா, என்று நாங்கள் கூப்பிட்ட எதிர்க் கட்டிடத்துப் பஞ்சாபிக்காரர்தான் பட்டம் விடுவதில் எங்கள் வட்டாரச் சூரர். காலையில் பால் வாங்கப் போனபோது அவரிடம் இந்தியில் கெஞ்சினேன்: "பையா, இன்னைக்கு எங்க அக்கா பட்டம் விடுறா. அவளால நடக்க முடியாது. நீங்க தோத்துடுங்க." அவர் சிரித்தார். சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவருடைய சிவப்புப் பட்டம் எங்கள் நூலோடு பின்னிக்கொண்டது. "ஏட்டி, ஜல்தி! நூலை விடுட்டி, விடு!" என்று அக்கா என்னிடம் கத்தினாள். சர்க்கி என் கையில் பறந்தது. திடீரென்று சிவப்பு தள்ளாடிக் கீழே சரிந்தது. "வோ காட்டா! அறுத்தாச்சு!" என்று டெல்லிக்காரர்களைப் போலவே கத்தி மாமா குதித்தார், திட்டிக்கொண்டிருந்த அம்மாவும் குதித்தாள். நூல் கீறிய விரலை அக்கா மாலைவரை கழுவவிடவில்லை. பையா குடும்பம் விரைவிலேயே மாற்றலாகிப் போய்விட்டது.

அக்காவுக்கு வெற்றியை வாங்கித் தந்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். அவளே வென்றிருக்கலாம் என்பதோ, அதை இனி நான் முழுசாக நம்ப முடியாது என்பதோ அந்த வயதில் புரியவில்லை. இன்றும் எல்லோரிடமும் அவள் அந்த விரலை நீட்டிக் கதை சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. வாக்கர் பிடித்து நடப்பாள். நாளை எங்கள் குடியிருப்பு மாடியில் முதன்முறையாகப் பட்டம் விடப்போகிறாள். சந்தோஷத்தில் அவளுக்குக் காலையிலிருந்து சோறே இறங்கவில்லை. மற்ற அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, 'உங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

அனுப்பவா, அழித்துவிடவா? நீங்களே சொல்லுங்கள்.