கிளி பங்களா மாடி

பாலவனத்தம் சந்தனம்மாளுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் உள்ளே போய்ப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. துஷ்டி வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது இவள் கண் மட்டும் உத்தரத்தில் இருக்கும். கலியாண வீட்டில் பந்தியை விட்டுவிட்டு, இத்தனை பெரிய அண்டாவை எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று சமையல்காரரைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த அன்று, கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, அணைவதைப் பார்த்த பிறகுதான் பாலையே உள்ளே வைத்தாள்.

வியாதி பிறவியிலேயே வந்ததுதான். முற்றியது அருப்புக்கோட்டை பங்களாத் தெருவில்.

பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் போய் அருப்புக்கோட்டையில் படித்தாள். பஸ் ஸ்டாண்டு வருவதற்கு முன்னால் பஸ் அந்தத் தெருவுக்குள் திரும்பும். பருத்தியிலும் மிளகாய் வத்தலிலும் நாலு காசு பார்த்த வியாபாரிகள் அந்தக் காலத்தில் போட்டி போட்டுக் கட்டிய வீடுகள் இரண்டு பக்கமும் நிற்கும். ஒருவர் தன் வீட்டு உச்சியில் சுதையில் இரண்டு சிங்கங்களை உட்காரவைத்தார். எதிர்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்னொருவர் கோபுரமே எழுப்பி, கடிகாரத்துக்கு வட்டமாக இடம் விட்டார். கடிகாரம் வரவே இல்லை. அதில் இன்றுவரை புறாதான் குடியிருக்கிறது. கட்டிப்பிடித்தால் கை எட்டாத தூண்கள், சன்னல் மேலே வண்ணக் கண்ணாடி, வாசல் நிலையில் கஜலட்சுமி என்று எந்த வீட்டுக்கும் குறைவில்லை. இன்றைக்கு ஒன்றில் பாங்கு நடக்கிறது, ஒன்றில் டியூஷன் சென்டர், ஒன்றில் ரெடிமேட் கடை.

தெருக் கடைசியில் கிளி பங்களா. மாடியில் ஐந்து சன்னல்கள், ஒவ்வொன்றின் வளைவுக்கும் இரண்டு பக்கமும் பச்சை அடித்த சுதைக் கிளி. காலையில் சன்னல்கள் திறந்திருக்கும், சாயங்காலம் அடைத்திருக்கும். உள்ளே இருட்டு. அங்கே ஒரு நாளும் ஓர் ஆள் தலை தெரிந்ததில்லை.

பத்தாவது படிக்கும்போது, ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு காலையில், சந்தனம்மாள் பஸ்ஸிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நடுச் சன்னலுக்குள் இருட்டு இல்லை. நீலமாக வானம் இருந்தது. அதில் ஒரு மேகம் வேறு நகர்ந்துகொண்டிருந்தது.

"சன்னலுக்குள்ள வானம் தெரியுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. படியில் தொங்கிக்கொண்டு வந்த மாமன் மகன் வெள்ளத்துரை, "வீட்டுக்குள்ள நெலா இருந்துச்சா, பாத்தியா?" என்றான். மறுநாள் பார்த்தால் பழையபடி இருட்டு. அன்றிலிருந்து அவளுக்கு 'வானம் பாத்தவ' என்று பெயர் விழுந்தது.

பிறகு அந்த வெள்ளத்துரையையே கட்டிக்கொண்டாள். பாலவனத்தத்தில் பலசரக்குக் கடை வைத்தார்கள், ஒரே மகள் தங்கலட்சுமி பிறந்தாள், வளர்ந்தாள். வெள்ளத்துரை நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் வானத்துக் கதையை எடுத்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் சுடும். பொய் சொல்லிப் பெயர் வாங்கினால் அது வேறு. கண்ணால் பார்த்ததைச் சொல்லி அல்லவா பெயர் வாங்கினாள்.

அந்த வீட்டுக்குள் நுழைய அவள் முயற்சி பண்ணாமல் இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் என்று ஒருமுறை போனாள். முன் ஹாலிலேயே உட்காரவைத்து, மோர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார்கள். தங்கலட்சுமி செல்போன் மேப்பில் மேலிருந்து தெருவைக் காட்டியபோதும் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லா வீடும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது.

போன தை மாதம் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். தங்கள் சனம்தான், தூரத்து உறவு. பையன் காளீஸ்வரன், அருப்புக்கோட்டை பஜாரில் நூல் கடை. அப்பா இல்லை, அம்மா மட்டும். வீடு எங்கே என்று வெள்ளத்துரை கேட்டார்.

"கிளி பங்களா."

சந்தனம்மாள் ஜாதகத்தைக் கீழே வைத்தாள். "எப்ப வீடு பாக்கப் போவம்?"

"மொதல்ல பொருத்தம் பாப்பம்" என்றார் வெள்ளத்துரை.

விருதுநகரில் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்வரும் தங்கலட்சுமி சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள்: "எம்மா, எனக்கு மாப்பிள்ள பாக்கியா, ஒனக்கு மாடி பாக்கியா?"

பொருத்தம் இருந்தது. பையனும் பெண்ணும் பத்து நாள் போனில் பேசினார்கள், இருவருக்கும் பிடித்தது. மீதி இருந்தது மாப்பிள்ளை வீடு பார்க்கும் சடங்குதான். அதற்குப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் பஸ் ஏறினார்கள்.

முன் ஹால் அவள் ஞாபகத்தில் இருந்தபடியே இருந்தது. பூப்போட்ட தரைக்கல், கறுத்து மின்னும் தூண்கள், ஆள் உயரக் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்கு அந்தப்புறம் போனதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதாரணமாக இரண்டு அறை, ஓர் அடுப்படி, கிணறு இருக்கும் கொல்லை, அவ்வளவுதான். பாலவனத்தத்தில் அவள் வீடே இதைவிடக் கொஞ்சம் பெரிது. இவ்வளவு பெரிய முகப்புக்குப் பின்னால் இவ்வளவுதானா என்று யோசித்தவள், இன்னொன்றையும் கவனித்தாள். வீட்டுக்குள் எங்கேயும் மாடிப்படி இல்லை.

"மாடிக்கு எப்படி மதினி போறது?" என்று பையனின் அம்மா முத்துமாரியம்மாளிடம் கேட்டாள்.

"மேல என்ன இருக்கு, பழைய சாமானு கெடக்கு. பலகாரம் எடுத்துக்கோங்க மதினி." சொல்லும்போதே அந்த அம்மாளின் கை முந்தானையைத் திருக ஆரம்பித்துவிட்டது.

சந்தனம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் அடக்கிக்கொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மற்றவர்கள் பலகாரத்தில் இருந்தபோது காளீஸ்வரன் அவள் பக்கத்தில் வந்தான். "அத்தை, வாங்க, மாடியக் காட்டுறேன்."

"ஏய் காளீசு" என்றாள் முத்துமாரியம்மாள், அடுப்படி வாசலில் நின்று.

"இருக்கட்டும்மா."

கொல்லையில் சுவரோடு ஓர் இரும்பு ஏணி சாத்தியிருந்தது. சந்தனம்மாள் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். மூட்டுவலி என்று ஆறு மாதமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தவள், மூன்றாம் கம்பிக்கு மேல் அதை மறந்துபோனாள்.

மேலே அறை இல்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்த மொட்டை மாடி. தெருவோரத்தில் ஒரே ஒரு சுவர், பின்னால் செங்கல் முட்டுக் கொடுத்துத் தனியாக நின்றது. அந்தச் சுவரில்தான் ஐந்து சன்னல்களும். தேக்குக் கதவு, பித்தளைக் கொக்கி, எல்லாம் அசல். ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு முழம் தள்ளி, தார் பூசிய தகரம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தத் தகரம்தான் அறையின் இருட்டு. தெருப்பக்கம் பச்சையாக இருந்த கிளிகளுக்கு இந்தப் பக்கம் முதுகே கிடையாது.

"தெருவுல சிங்கமும் சிப்பாயுமா நிறுத்திட்டாகன்னு எங்க பூட்டனாருக்கு அவசரம்" என்றான் காளீஸ்வரன். "மொகப்ப மொதல்ல ஏத்துங்க, ரூம அடுத்த வருசம் கட்டிக்கலாம்னு சொல்லியிருக்காரு. அடுத்த வருசம் பருத்தி படுத்துருச்சு. அவரும் படுத்துட்டாரு. தாத்தா காலத்துல இருந்து காலைல ஏறித் தெறக்கணும், பொழுதடைய ஏறி அடைக்கணும். இப்ப நான் செய்றேன்."

சந்தனம்மாள் நடுச் சன்னலுக்குப் போய்த் தகரத்தைத் தொட்டாள். மற்ற நாலும் துருவேறிக் கிடக்க, இது மட்டும் அவ்வளவு பழசாகத் தெரியவில்லை.

"இங்க இருந்த பழைய தகரம் ஒருக்க ஆடிக்காத்துல பறந்து கெணத்தடில போயி விழுந்துருச்சாம் அத்தை. அப்பா சொல்வாரு. அன்னைக்கே வேற தகரம் நிறுத்தி, தெருவுல ஒருத்தரும் பாக்கலன்னு தெரிஞ்ச பெறகுதான் வீட்டுல மூச்சு விட்டாகளாம்."

"நான் பாத்தேன்" என்றாள் சந்தனம்மாள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பது வருடச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு சந்தோஷம் நெஞ்சில் வந்து அடைத்தது. இப்பவே கீழே போய், அத்தனை பேர் நடுவிலும் வெள்ளத்துரையைக் கூப்பிட்டு, ஏணியில் ஏற்றிக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

"தெரியும் அத்தை. தங்கலட்சுமி சொன்னாக" என்றான் அவன். "பேசுன மொத நாளே நான் இந்த மாடி விசயத்த அவுககிட்டச் சொல்லிட்டேன். மறைச்சுக் கட்டிக்கிற மனசு வரல. அவுக கோவிக்கல. அவுக அம்மா பாத்தது நெசம்னு அவுகளுக்கு மட்டும் காட்டிருங்கன்னு சொன்னாக." ஏணிப் பக்கம் பார்த்தான். "எனக்கு இதுல ஒண்ணுமில்ல. நாளைக்கே தகரத்த எடுத்துருவேன். எங்கம்மாதான், கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதக் காப்பாத்திக்கிட்டு இருக்காக. தெருவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாக."

ஏணியடியில் முத்துமாரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனி இப்போது கயிறாகியிருந்தது. இறங்கி வரும் சந்தனம்மாளின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த நிற்பைப் பார்த்ததும், மேலே நெஞ்சை அடைத்த சந்தோஷம் சந்தனம்மாளுக்குக் கொஞ்சம் கூச்சமாகிப்போனது.

ஹாலுக்கு வந்தபோது வெள்ளத்துரை வாயில் அல்வாவோடு கதையை ஆரம்பித்திருந்தார். "சின்னப்பிள்ளைல இந்த வீட்டு மாடிச் சன்னலுக்குள்ள வானத்தப் பாத்தவ, தெரியும்ல? ஏ சந்தனம், மேல போனியே, வானம் இருந்துச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். முத்துமாரியம்மாள் கையில் காப்பித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சந்தனம்மாள் உட்கார்ந்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

"வானம் எங்க இருக்கு அத்தான்? ரூமுக சும்மா கெடக்கு, ஒரே தூசி" என்றாள். "அன்னைக்குக் கண்ணாடில வெளிச்சம் பட்டுருக்கும். நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

வெள்ளத்துரை தொடையில் தட்டிச் சிரித்தார், இத்தனை வருடம் கழித்து ஒத்துக்கொண்டாளே என்று. முத்துமாரியம்மாள் தட்டை முதலில் அவளிடம்தான் நீட்டினாள்.

ஊருக்குப் போய்க் கலந்துபேசிச் சொல்கிறோம் என்று முறைப்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பொழுது இறங்கும் நேரத்து பஸ் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தது. வெள்ளத்துரை சன்னலோரமிருந்து எட்டிப் பார்த்தார். கிளி பங்களா மாடியில் ஒவ்வொரு சன்னலாக அடைந்துகொண்டு வந்தது.

"மேல யாரோ ஆளு இருக்காக போலயே" என்றார்.

சந்தனம்மாளும் நிமிர்ந்து பார்த்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, கழுத்து வலிக்கிற அளவுக்கு.

"மாப்பிள்ளதான்" என்றாள்.