கட்டிலில் காய்ந்த கிதாபு

இந்த மாரியில் வெள்ளம் பள்ளிவாசல் அலுமாரிக்குள்ளும் ஏறியது. அதிலிருந்த பழைய கிதாபுகளில் ஒன்றுதான் உருப்படியாகத் தப்பியது. கையால் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபு. எழுத்து அரபு, பேச்சு நம்முடைய தமிழ். மாட்டுக்குக் கால்நோய் வந்தால் என்ன பூசுவது, கன்று குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது என்றெல்லாம் இருந்தது. வேறு பிரதி இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்ந்த எனக்கு வேறென்ன வேலை? வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

ஒட்டிக்கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டில், மேசை, வாங்குப் பலகை எங்கும் பரப்பினேன். கரண்ட் போனால் மட்டையால் வீசினேன். முதுகு விட்டுப்போனது. எனக்கேன் இந்தத் தொல்லை என்று முனகாத நாளில்லை.

மனைவிக்கோ வேறு கவலை.

"இஞ்ச பாருங்க, அலிஃப், பே எண்டு ஓதுற எழுத்தெல்லாம் கட்டில்ல கிடக்கு. கால் நீட்டவே பயமா இரிக்கி."

"அது மாட்டு வைத்தியம் புள்ள. ஓதுற கிதாபு இல்ல."

"எழுத்து அந்த எழுத்துத்தானே?"

பாவம், குசினியில் அடுப்போரம் பாய் போட்டு முடங்கிப் படுத்தாள். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, இரக்கமாகவும் இருந்தது.

கடைசித் தாளும் காய்ந்தது. என் போன் வெள்ளத்தோடு போய்விட்டதால், படம் எடுக்க மருமகனின் கமெராவை வாங்கி வர அக்கரைப்பற்றுக்குப் போனேன். திரும்பும்போது வழி முழுக்க மழை. வீட்டில் கட்டில் வெறுமையாக இருந்தது, புது விரிப்புப் போட்டிருந்தது.

"பள்ளியில பாங்கு சொல்லுற மோதினார் காக்கா வந்தார். முறைப்படி செய்யிறன் எண்டார். குடுத்திட்டன்" என்றாள், பெரிய பாரம் இறங்கியவள்போல.

யா அல்லாஹ்! பள்ளிக்கு ஓடினேன். பழுதான குர்ஆன் தாள்களை அடக்கும் மூலையில் புதுமண் தெரிந்தது. அதன்மேல் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இந்தக் கரைமண்ணில் ஒரு முழம் தோண்டினாலே ஊற்றுத்தான். இந்த முறை மை நிற்காது.

மோதினார் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கைகால் முகம் கழுவி வுளூ எடுத்து, வெள்ளைத்துணியில் சுற்றி, ஓதி அடக்கியிருக்கிறார். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சேர், அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். நீங்க பாடுபட்டுக் காயவெச்சதாலதான் ஒரு தாளும் கிழியாம அடக்கினம்."

"ஓம் காக்கா" என்று தலையாட்டினேன்.