இரத்தான கோலுக்கு ஓர் அறுக்குளா

மன்னார்ப் பக்கம் அரிப்பு என்கிற எங்கள் கரையூரில், கழகக் கொட்டிலில் உதைபந்தாட்டம் பார்ப்பவர்கள் இப்போது கோல் விழுந்தால் துள்ளுவதில்லை. முன்பு துள்ளினார்கள். கதிரைக் கால் முறிந்ததும் உண்டு. இப்போது பந்து வலைக்குள் போனதும் பாதி எழும்பி, முழங்கால் மடிந்தபடியே நிற்பார்கள். திரையில் மத்தியஸ்தர் காதில் விரலை வைக்கிறாரா என்று பார்ப்பார்கள். வைத்தால் பேசாமல் இருந்துவிடுவார்கள். எங்கேயோ ஓர் அறைக்குள் இருக்கிற வீடியோ மத்தியஸ்தர்கள் படத்தை நிறுத்தி, முன்னே பின்னே ஓட்டி, கோடு கீறி முடிக்கும் மட்டும் கொட்டிலில் மூச்சுச் சத்தம்தான்.

"இப்ப சந்தோசப்படவும் பாஸ் எடுக்க வேண்டிக் கிடக்கு" என்பார் என் மச்சான். யுத்த காலத்தில் கடலுக்குப் போகப் படையினரிடம் பாஸ் எடுக்க வரிசையில் நின்றவர். அந்தச் சொல் அவர் வாயில் பாரமாகத்தான் வரும்.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். பங்காளி ஒருவரோடு சேர்ந்து சின்னப் படகு ஒன்றில் தொழில் செய்கிறார். இங்கிலாந்தில் சிவப்புச் சட்டை போடும் ஒரு கழகம் அவருடையது. ஏன் சிவப்பு என்று கேட்டால், எங்கள் கோயிலில் இருதயநாதராக நிற்கிற இயேசுவின் அங்கி சிவப்பு என்பார். மன்னாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் எடுக்க வருகிற வியாபாரி நீலச் சட்டைக் கழகம். அவரிடமும் பதில் இருந்தது. "மாதா உடுத்திறது என்ன நிறம், அண்ணை?"

இரண்டு கழகங்களும் மோதியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஞாயிறு பகலில் எங்கள் கரையில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை, சாப்பாடு, நித்திரை. பொழுதுபட்ட பிறகுதான் படகு இறங்கும். அன்றைக்கு வியாபாரியும் ஆட்டம் பார்க்க என்றே தங்கிவிட்டார். மச்சான் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் பிடித்தபடி, ஒரு கால் கொட்டிலுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றார். பந்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற பங்காளி கரையில் நின்று மச்சானை வரச்சொல்லி விசில் அடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியும் தறுவாய். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

கடலிலும் சில கிழமைகளாக ஒன்றும் இல்லை. வலை வெறுமனே வந்து ஏறியது. மகளின் புதுநன்மைக்கு, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாளுக்கு, வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும், துணி எடுக்க ஒரு நல்ல மீன் பட்டால் போதும் என்று தங்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்த நேரம் அது.

மச்சான் திடீரென்று மேலே பார்த்தார். "மாதாவே, ஒரு கோல் விழப் பண்ணு. இண்டைக்கு வலையிலை ஏறிற பெரிய மீன் உனக்கு." நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் பந்து வலைக்குள் போனது. சிவப்புக் கோல். மச்சான் பார்சலோடு என்னைக் கட்டிப்பிடித்தார், வியாபாரியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், கரைக்கு ஓடினார். எஞ்சின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் திரையில் மத்தியஸ்தரின் விரல் காதுக்குப் போனது.

கோடுகள் கீறினார்கள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கோல் அடித்தவனின் சப்பாத்து நுனி கோட்டுக்கு அங்காலே நின்றதாம். ஓஃப்சைட். கோல் இரத்து.

"நகம் வெட்டாமல் வந்திட்டான் போல" என்றது ஒரு குரல். "கண்ணுக்குத் தெரியாததும் ஒரு ஓஃப்சைட்டோ?" என்றது இன்னொன்று. தப்பிப் பிழைத்த நீலக் கட்சி வியாபாரி கூடக் கை தட்டவில்லை. "தராசு முள்ளை உத்துப் பாத்துக்கொண்டிருந்தா மீன் நாறிப்போகும். இப்பிடித் தப்பினதிலை ருசி இல்லை" என்றார். ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது. மச்சானுக்குச் சொல்ல வழியில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் அவர் கடலுக்குப் போவார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கோயிலுக்கு நேர்ந்த மீனை மற்ற மீனோடு சேர்க்க மாட்டார்கள். கரையில் சிலுவை நாட்டியிருக்கிற குருசடிக்கு முன்னால் ஓலை விரித்துக் கிடத்துவார்கள். அதைத்தான் முதலில் ஏலம் கூறுவார்கள்; காசு கோயிலுக்கு. கிடத்தினால் கிடத்தினதுதான். நேர்ந்தவர் மனம் மாறினாலும் திருப்பித் தூக்குவதில்லை.

அடுத்த நாள் விடிய, கரையில் நின்ற எல்லோருக்கும் சேதி தெரிந்திருந்தது, படகில் வந்த இருவரையும் தவிர. மச்சான் படகின் முன்பக்கம், அணியத்தில் எழும்பி நின்று கையை ஆட்டிக்கொண்டு வந்தார். படகு மணலில் முட்டும் முன்பே குதித்து, ஓர் அறுக்குளாவைத் தோளில் தூக்கினார். அவருடைய இடுப்பு வரைக்கும் தொங்கிற, நல்ல விலை போகிற மீன். மிச்சம் ஒரு கூடைப் பொடி மீன், சூடையும் கீரியும்.

தங்கைதான் ஓடி வந்தாள். அவளுக்கு நேர்த்தியும் தெரியும், கோல் போனதும் தெரியும்.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ! அதைக் கிடத்தாதேங்கோ!"

"பொறு, மாதாவின்ரை கணக்கை முடிச்சிட்டு வாறன்!"

அவள் கிட்ட வரும்போது மீன் ஓலையில் கிடந்தது. மச்சான் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திரும்பினார். எல்லா முகத்தையும் பார்த்தார்.

"என்ன, செத்த வீடு மாதிரி நிக்கிறியள்?"

வியாபாரிதான் சொன்னார். "அண்ணை, கோல் இல்லையாம். வீடியோவிலை பாத்து எடுத்துப் போட்டாங்கள்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பங்காளிக்கு அதுவரை நேர்த்தி வைத்ததே தெரியாது. விளங்கியதும் அவர் குரல் ஏறியது. "கோல் இல்லை எண்டா நேர்த்தியும் இல்லை. மீனைத் தூக்கு, மச்சான். அதிலை என்ரை பங்கும் கிடக்கு."

"உன்ரை பங்கைக் கூடையிலை எடு. கூடை முழுக்க எடு."

"நீலம் உடுத்த மாதாவிட்டைச் சிவப்புக்குக் கேட்டா இப்பிடித்தான்" என்று வியாபாரி மெதுவாகச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

மச்சான் ஓலைக்குப் பக்கத்தில் மணலில் குந்தினார். "நான் மாதாவிட்டை என்ன கேட்டனான்? கோல் விழப் பண்ணு எண்டு கேட்டனான். பந்து வலைக்குள்ளை போனதோ, இல்லையோ?"

"போனது" என்றேன்.

"அப்ப அவ தன்ரை வேலையை முடிச்சிட்டா. மிச்சம் லண்டன்காரன்ரை பிழை. அவன் பிழை விட்டதுக்கு நான் ஏன் மாதாவிட்டைப் பறிக்க வேணும்?"

"அப்ப பிள்ளைக்குச் சட்டை?" என்றாள் தங்கை.

ஏலம் கூறுகிறவர் அவளைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், கொஞ்சம் நேரம் கொடுத்தார். மச்சான் எழும்பவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்று ஏலத்தைக் கூறத் தொடங்கினார். மீனை வியாபாரியே எடுத்தார். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அது முழுதாக அடங்கவில்லை. வால் வெளியே நீட்டிக்கொண்டு போனதைத் தங்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதுநன்மைக்குப் பிள்ளை பெரியம்மா மகளின் பழைய சட்டையை இடுப்பில் பிடித்துத் தைத்து உடுத்தினாள். அழகாகத்தான் இருந்தாள். ஆனால் தங்கை விட மாட்டாள். சண்டை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவாள். "லண்டனிலை எவனோ கீறின கோடு, என்ரை பிள்ளையின்ரை இடுப்பிலை தையலாக் கிடந்தது."

யார் சரி என்று என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. கொட்டிலில் இருந்து முழுவதையும் பார்த்த நாங்கள் அன்றைக்கு ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போனோம். கடலில் நின்ற மனிதர் விடியும் மட்டும் ஒரு கோலோடு இருந்தார். பங்காளி சொன்னார், வலை வளைக்கும்போது அவர் பாடினாராம்.

மச்சான் ஆட்டம் பார்ப்பதை நிறுத்தவில்லை. அதே இடத்தில்தான் நிற்கிறார். ஆனால் சிவப்புக்கு ஒரு கோல் விழுந்தால் உடனே வெளிக்கிட்டுவிடுவார். நாங்கள் முழங்கால் மடிந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு கத்துவோம்.

"அண்ணை, பொறுங்கோ! இன்னும் பாக்கினம்!"

"நீங்கள் பாருங்கோ. நான் பாத்திட்டன்."

ஒருநாள் நானும் அவரோடு எழும்பினேன். வாசல் மட்டுக்கும் போனேன். அவர் மணலில் இறங்கிக் கரைப் பக்கம் நடந்தார். நான் திரும்பி வந்து, கோடு கீறி முடிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.