அரைப்பேர் எந்தப் பெட்டிக்குள்?

எங்கள் வாசிகசாலையின் இணையத்தளத்தில், சொற்கோவை தொகுத்தவரைப் பற்றி நாலு வரி எழுது என்று என்னிடம் சொன்னார்கள். சிவரூபி அக்கா நாலு வரிக்குள் அடங்குகிற ஆளில்லை. சாதாரண தரப் பரீட்சையில் எனக்கு வந்த பெறுபேறு தெரிந்தும் என்னிடம் கேட்டவர்கள், வருவதை அனுபவிக்கட்டும்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. தாய் வடிவம்மா எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னியில் கிளிநொச்சிப் பக்கமுள்ள வட்டக்கச்சிக்கு வந்தவர். அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். காலை எட்டரைக்கு வாசிகசாலையைத் திறப்பார். பேப்பர்களை மேசையில் விரிப்பார். பிறகு ஆடுகளையும் என்னையும் வெளியே கலைப்பார்.

இரண்டு வருடமாக அக்கா சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஊர்ச் சொற்களைக் கொப்பியில் எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். இணையத்தளத்தை நான் செய்தேன். ஊரில் வேலையில்லாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். சொற்களைப் பிரித்துப் போட அதில் நாங்கள் விரும்பியபடி வகைகளை உண்டாக்கலாம். பெட்டிகள் மாதிரி. பிரச்சினை அந்தப் பெட்டிகளால்தான் வந்தது.

வாசிகசாலைத் தலைவர் நல்லதம்பி சேர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கெட்ட மனிதரல்ல. எனக்கு இரண்டு மாதம் காசு வாங்காமல் கணக்குப் படிப்பித்தவர். நான் கோட்டைவிட்டது அவர் பிழையில்லை. அவர் ஒரு கடதாசியில் இரண்டே பெட்டிகளை எழுதிக் கொண்டுவந்தார்: வன்னிச் சொற்கள், வந்த சொற்கள்.

"வந்த சொல் எண்டா என்ன சேர்?" என்று அக்கா கேட்டார்.

"வேற இடத்தில இருந்து வந்தது பிள்ளை. உங்கட அம்மா தந்த முப்பத்தொரு சொல்லும் அதுக்குள்ள போகும். நல்ல சொல்லுகள்தான். ஆனா தோட்டத்துச் சொல்லெல்லே."

அதில் ஒன்று 'பெரட்டு': காலையில் வேலைக்கு முன் எல்லோரும் வந்து வரிசையில் நிற்பது. இன்னொன்று 'அரைப்பேர்': பாதி நாளோடு வேலையை விட்டுப் போனவருக்குத் தோட்டத்துப் பதிவில் விழுவது. வடிவம்மா சின்னப் பிள்ளையாகக் கொழுந்து பறித்த காலத்தில், முழு நாள் நின்றாலும் அவருக்கு அரைப்பேர்தானாம்.

அக்கா கடதாசியைப் பார்த்தபடி இருந்தார். வெளியே மதிலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த நான், பிரஷை வாளிக்குள் போட்டுவிட்டு மெல்ல நழுவினேன். சேர் யன்னலால் கண்டுவிட்டார்.

"டேய் விதுசன், அரைப்பேரோட எங்கயடா ஓடுறாய்?"

அக்கா நிமிர்ந்தார். "இப்ப என்ன சேர் சொன்னனீங்கள்?"

"அவனை ஏசினனான்."

"ஓம் ஓம். ஏசுங்கோ." கொப்பியை எடுத்து எதையோ எழுதினார். திகதியும் போட்டார்.

அடுத்த நாள் என்னைப் பக்கத்தில் இருத்தினார். "சேரின்ர சட்டத்தை அப்படியே செய்வம். வந்ததெல்லாம் வந்த பெட்டிக்குள்ள."

அகராதியைப் பார்த்து அவர் வாசிக்க, நான் மாற்றினேன். கதிரை போனது. அலுமாரி போனது. யன்னல், வாங்கு, சப்பாத்து, துவாய், பாண் எல்லாம் போயின.

"அக்கா, குசினியையுமோ?"

"அது போர்த்துக்கேயன்ர கப்பலில வந்ததடா. நான் கிளிநொச்சியில பிறந்தனான். ஆர் வந்த ஆள்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பா. இணையத்தளத் திறப்பு விழாவுக்கு வாறா. தன்ர சொல்லைத் தேடி வாசிக்கேக்க, அதுக்கு மேல 'வந்தது' எண்டு கிடக்கக்கூடாது. நாற்பத்தெட்டு வருசம் காணாதோ?"

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. விழாவரைக்கும் என்று சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை நாற்பது பேர் வந்தார்கள். சுவரில் கட்டிய வெள்ளைச் சீலையில் புறொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. வடிவம்மா முன்வரிசையில் இருந்தார். சேர் உரையாற்றி முடித்து, 'வன்னிச் சொற்கள்' பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் மேலும் கீழும் தேடினார்.

"கதிரை எங்க?"

"வந்த சொல்லுகளுக்குள்ள போயிட்டுது சேர்" என்றேன். "நீங்கள் அதிலதான் இருக்கிறியள்."

சனம் சிரித்தது. சேர் பாதி எழும்பி, பிறகு இருந்தார். "இது ஆர் செய்த வேலை?"

"நான்தான் சேர்" என்று அக்கா முன்னுக்கு வந்தார். "உங்கட சட்டம். கதிரை வெளியிலயிருந்து வந்தது. குசினியும் வந்தது."

"அதெல்லாம் எப்பவோ எங்கட சொல்லாப் போச்சுது பிள்ளை."

"எப்ப சேர்? எத்தினை வருசம் இருந்தாப் போகும்? சொல்லுங்கோ, நாங்களும் எண்ணிக்கொண்டிருக்கிறம்." குரல் உயரவில்லை. "கடைசிச் சண்டையில ஓடேக்க எல்லாரும் ஒரே ரோட்டாலதான் ஓடினனாங்கள். அப்ப ஒருத்தரும் பெட்டி பிரிக்கேல்ல."

சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். நான் 'அரைப்பேர்' பக்கத்தைத் திறந்தேன். சீலையில் பெரிய எழுத்தில் விழுந்தது:

*எடுத்துக்காட்டு: "அரைப்பேரோட எங்கயடா ஓடுறாய்?" – வாசிகசாலைத் தலைவர் நல்லதம்பி, மதில் பெயின்ற் அடித்த அன்று.*

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இதைச் சின்னனில இருந்து சொல்லுறனானே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"அப்ப அது எந்தப் பெட்டி சேர்?"

அக்கா தானே உண்டாக்கி ஒளித்து வைத்திருந்த பெட்டிகளை நான் வெளியே விட்டேன்: வயல், குளம், குசினி, கடை, ஏச்சு. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதல்ல, எங்கே புழங்குகிறது என்பதுதான் கணக்கு. அரைப்பேர் ஏச்சுக்குள் இருந்தது. அதன் கீழே: *சொல் தந்தவர்: வடிவம்மா, வட்டக்கச்சி.*

வடிவம்மா எழும்பிச் சீலைக்குக் கிட்டப் போய் விரலை வைத்து வாசித்தார். எழுத்துகள் அவருடைய கையிலும் விழுந்தன.

"எம்பேர முழுசாவா போட்டிருக்கீங்க?" என்றார்.

"முழுசாத்தான் அம்மா" என்றார் அக்கா.

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. புறொஜெக்டர் தூசி.

"இதைச் செயற்குழுவில கதைச்சு முடிவெடுப்பம்" என்றார் சேர்.

"கதையுங்கோ சேர். அதுவரைக்கும் இப்படியே கிடக்கும். கடவுச்சொல் என்னட்டத்தான் கிடக்கு."

அடுத்த மாதம் செயற்குழு கூடியது. நிகழ்ச்சிநிரலில் 'வகைகள் பற்றி' என்பதற்கு வந்ததும், மாட்டுக்கு வைத்தியர் வருகிறார் என்று சேர் இடையில் எழும்பிப் போய்விட்டார். பெட்டிகள் இன்றைக்கும் அக்கா வைத்தபடியேதான் இருக்கின்றன.

அரைப்பேருக்கு இரண்டாவது எடுத்துக்காட்டாக, சேர் பாதியில் எழும்பிப் போனதைச் சேர்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஒண்டு காணும்" என்றார். "போய் அந்த மதிலை முடி."