புளிச்சக்காய்க்காக ஓடிய ஏசி

போன வெள்ளிக்கிழமை, துபாயில் எங்கள் வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் புளிச்சக்காயைப் பார்த்தேன். விரல் நீளம், வெளிர்பச்சை, பிஞ்சு வெள்ளரி மாதிரி இருக்கும். நீங்கள் பச்சையாகக் கடித்ததில்லை என்றால் கொடுத்துவைத்தவர். நான் கடித்தபோது ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "இத வாங்கி என்ன பண்றது?" என்றாள் மனைவி. அதற்குப் பதில் சொல்ல ஜெபல் அலி வரைக்கும் போக வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் அங்கே தொழிலாளர் கேம்பில், ஒரு கேபினில் எட்டுப் பேர் இருந்தோம். சமையல் தாசண்ணன், குளச்சல்காரர். புளி கரைத்து வைத்த மீன்குழம்பைக் குழம்பென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருமுறை லீவு முடிந்து வந்தவர், புளிச்சக்காய் போட்டுக் குழம்பு வைத்து எங்கள் எல்லோரையும் கெடுத்துவிட்டார். விதையை ஜன்னல் ஏசி சொட்டுகிற இடத்தில் ஊன்றினார். குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிதண்ணீர் கேனில் அளவாக வரும், அதில் கைவைத்தால் அடிதடிதான். ஏசித் தண்ணீர்தான் யாரும் பங்கு கேட்காத நல்ல தண்ணீர். செடி மளமளவென்று ஜன்னலைத் தாண்டியது.

குளிர்காலம் வந்தது, வழக்கம்போல ஏசியை அணைத்தோம். மரம் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இலை பழுத்துக் கொட்டிய பிறகுதான் தாசண்ணன் பதறி ஓடிவந்து ஏசியைப் போட்டார். அப்புறம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! டிசம்பரில், பல் தந்தியடிக்க, ஏசிக்குக் கீழே படுக்கை.

"அண்ணே, செத்துருவேன்ணே."

"கம்பிளிய மூடிட்டு கெட டே. மரம் கம்பிளியவா குடிக்கும்?"

திட்டிக்கொண்டேதான் படுத்தோம். ஆனால் டியூட்டிக்குப் போகுமுன் எல்லோரும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். மரம் பிழைத்தது. பின்னொரு வருஷம் அடிமரத்திலேயே சிவப்பாகப் பூத்து, கொத்துக் கொத்தாகப் பிஞ்சு விட்டது.

அந்த வாரம்தான் எங்களை வேறு கேம்புக்கு மாற்றினார்கள். பறித்துவிடலாம் என்றோம். "பிஞ்சுல கை வைக்காதீங்கடே. வெள்ளிக்கிழம வந்து பறிச்சுக்கலாம்" என்றார் தாசண்ணன். டிரைவர் "யல்லா, யல்லா" என்று கத்துகிறான். அவர் திரும்ப உள்ளே போய், ஏசியை முழுக் குளிரில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை வயர் கூடையோடு போனோம். கேபின்களை கிரேன் வைத்துத் தூக்கிவிட்டு, தரையை மட்டமாக்கியிருந்தார்கள். எங்கள் ஜன்னல் எந்த இடத்தில் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாசண்ணன் கூடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

இப்போது அங்கே ஒரு கிடங்கு. எட்டுப் பேரும் எட்டுத் திசை. தாசண்ணன் குளச்சலில் இருக்கிறார். வீட்டு மரத்தடியில் காய் கொட்டிக் கிடக்கிறதாம், பொறுக்க ஆளில்லையாம். சூப்பர் மார்க்கெட்டில் நின்றபடியே அவருக்குப் போன் போட்டேன். எப்போதும் கேட்பதையே கேட்டார்.

"லே மக்கா, நாம பூட்டிட்டு வரும்போ ஏசி ஓடிட்டுதானே இருந்துது?"

"ஓடிட்டுதாண்ணே இருந்துச்சு."