ஒரே விளக்கில் இரண்டு குழாய்

என் எழுத்து கோணல். வரிகள் மேட்டில் மாடு ஏறுவதைப் போல வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகின்றன. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது பிடிக்கிறது. டாக்டர் சலோமி அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நர்சுகள் போடும் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயதான பிறகு எழுதப் பழகியவன் நான். பழக்கியவள் என் மகள் பேச்சி.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததிலிருந்து எனக்கு ஊரே புதிதாகிவிட்டது. கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சுவர் சுவராக வாசித்துக்கொண்டுதான் நடப்பேன். சோப்பு, பீடி, சினிமா, எதையும் விடுவதில்லை. போன மாதம் மார்க்கெட் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே 'டாக்டர்' என்று கூட்டினேன். கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அத்தனை நீளத்தை நான் அதற்கு முன் வாசித்ததில்லை. திக்காமல் வாசித்துவிட்ட சந்தோஷத்தில் யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் இடையில் விட்டுவிட்ட பெயரைக் கூட்டினேன். ச, லோ, மி.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. பேச்சியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது ஏன் என்று அம்மாவை அறிந்த நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் உப்பு வண்டிக்காரன். தூத்துக்குடிப் பக்கத்து அளத்தில் உப்பு ஏற்றி எட்டயபுரம், நாகலாபுரம், புதூர் என்று கரிசல் ஊர்களில் விற்று வருவேன். பேச்சி பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோது ஒரு காலையில் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் எழுந்தாள். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் நீர் பிரிந்தது. அவள் அம்மா திருநீறு பூசினாள். நான் பிள்ளையை உப்புச் சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்துக் கோவில்பட்டிக்கு வண்டியை ஓட்டினேன்.

டாக்டரம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காலைப் பார்த்தார்.

"மூஞ்சில்லா வீங்கியிருக்கு, கால எதுக்குப் பாக்கீங்க?" என்றேன்.

"இந்தச் சிரங்கு எப்ப ஆறுச்சு அண்ணாச்சி?"

"அது ஆறி ரெண்டு மூணு வாரம் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

பேச்சியின் நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மரக்கவ்வியால் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் அதன் மேல்பாதியைக் காய்ச்சினார். பால் திரிந்ததுபோல வெள்ளை எழும்பியது. சில சொட்டுகள் புளித்த மருந்து விட்டார். அந்த மருந்துக்குக் கரைந்துவிட்டால் அது வெறும் வெள்ளை, பயமில்லை. கரையாமல் நின்றால் அது நோய். பேச்சியின் வெள்ளை நின்றது.

"ஆட்டுக் குண்டிக்காய் பாத்திருக்கீங்கல்லா? நமக்கும் அப்பிடித்தான், மூத்திரத்தப் பிரிக்கது அதுதான். அது இப்போ புண்ணு மாதிரி அழன்று போய்க் கெடக்கு. நல்லா இருந்தா ரத்தத்துல உள்ள சத்த வெளிய விடாது. அழன்றுட்டா விட்டுரும். அதான் முட்டை வெள்ளக்கரு மாதிரி உறையுது."

"பிள்ள பொழைச்சிருமா அம்மா?"

"தெரியல" என்றார். எந்த வைத்தியரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. "நெறைய பிள்ளைங்க சொகமாயிருதுங்க. சிலது ஆக மாட்டேங்குது. எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்கிடத்தான் ஊர் ஊராப் போகப் பாக்கேன்."

ஊசி போட்டார். பிள்ளை படுத்தே இருக்க வேண்டும், நாக்கில் உப்புப் படக் கூடாது என்றார். சொல்லிவிட்டு வாசலில் நின்ற என் உப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

உப்பு விற்பவன் வீட்டில் உப்பில்லாமல் உலை வைத்தோம். "எய்யா, ஒத்தக் கல்லு தாங்க" என்று பேச்சி கெஞ்சுவாள். ஒரு நாள் மத்தியானம் படுக்கையில் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், வண்டிக்கு அடியில் நின்று பலகையை நக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீங்கிய முகத்தையும் பலகையில் இருந்த நாக்கையும் பார்த்தேன். அடிக்கக் கை வரவில்லை. தண்ணீர்ப் பஞ்ச காலம். இருந்தும் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து வண்டியை முழுக்கக் கழுவினேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், "ஊர் ஊராப் போகணும்னீங்கள்லா, என் வண்டி சும்மாதான் கெடக்கு" என்றேன். எது ஆகும், எது ஆகாது என்பது அவருக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

புதூர்ப் பக்கம் முதல் ஊரில், வீங்கிய பிள்ளைக்கு உப்புப் போடாதீர்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன்; ஒருவரும் நீர் தரவில்லை. சிரங்குப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி சொன்னாள்: "காலடி மண்ண எடுத்தாலே கை கால் வெளங்காமப் போகுது. மோண்டதக் குடுத்தா குடும்பமே வெளங்காது."

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஒரு வீட்டுக்குள் போய்வந்து, தன் நீரை ஒரு குழாயில் எடுத்து வைத்தார். "இது என்னுது. உம் பிள்ளையுதையும் பக்கத்துல வச்சு ஒரே விளக்குல காச்சுதேன். செய்வினைன்னா எனக்கும் சேத்துத்தான? மிச்சத்த உன் கையிலயே தந்திருதேன். நீயே உன் மண்ணுல ஊத்திரு."

அவள் டாக்டரம்மாவின் குழாயைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உப்பு விக்கவன் உப்புப் போடாதங்கான். டாக்டரு மூத்திரத்த அடுப்புல ஏத்துதா. இனி மழை எங்க பெய்யப் போகுது" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை இறக்கி விட்டாள்.

அன்றிலிருந்து எல்லா ஊரிலும் அதுதான் முறை. முதலில் அம்மாவின் குழாய், அது தெளிவு. பக்கத்தில் பிள்ளையின் குழாய். மீதியைத் தாயே வாங்கிப் போய் ஊற்றிவிடுவாள். சிரங்கு ஆறிய பிறகுதான் வீக்கம் வருகிறது, ஆறிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் நாளில்தான் பார்க்க வேண்டும் என்று அம்மா கண்டார். "சிரங்க சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றால், "குடிக்கவே தண்ணியக் காணோம், வந்துட்டாவ கழுவச் சொல்ல" என்பார்கள். அம்மா வண்டியில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு, தானே கழுவிவிட்டார். அதற்குள் நான் எழுத்துக்கு முன்பே குழாயை வாசிக்கப் பழகிவிட்டேன். பேச்சியின் வெள்ளையும் வரவரக் குறைந்து, ஒரு நாள் இல்லாமலே போனது. என் மனைவி அன்று குழம்பில் அரைக் கை உப்புப் போட்டாள். ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் சாப்பிட்டோம்.

அம்மா ஒரு கட்டத்தில் தன் குழாயை நிறுத்திவிட்டு, என் நீரைத் தெளிவுக்கு வைத்தது எங்களோடு ஊர்களுக்கு வந்த நர்சுகள் உங்களுக்கு நினைவிருக்கும். 'தெளிவு அண்ணாச்சி' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தீர்கள். ஏன் என்று கேட்டீர்கள். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நாகலாபுரத்தில் வேப்ப மரத்தடியில் தாய்மார்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். குழாய் காய்ச்சுவதைப் பார்ப்பது அவர்களுக்கு முதல் தடவை. அம்மா வழக்கம்போலத் தன் குழாயை முதலில் காய்ச்சினார். மேலே வெள்ளை எழும்பியது. எப்போதாவது அப்படி எழும்பிக் கரைவதுண்டு. மருந்துச் சொட்டை விட்டார். நான் கரையும் என்று பார்த்தேன். அவரும் பார்த்தார். இன்னும் ஒரு சொட்டு விட்டார். அது அப்படியே நின்றது. அம்மா குழாயைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த பிள்ளையக் கொண்டாங்க" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் அந்தக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

திரும்பும்போது வண்டியில் அவரே கேட்டார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"கரையல."

"சரியாத்தான் பாத்திருக்கீங்க" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "சின்னப் பிள்ளையில எனக்கும் ஒரு தடவ மூஞ்சி வீங்குச்சாம். எங்கம்மா சொல்லுவா. ஆறிட்டுன்னுதான் எல்லாரும் இருந்தோம்."

மாடுகள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. கயிறு என் கையில் இருந்ததா என்று தெரியாது. "அப்ப பேச்சிக்கு?" என்று கேட்டேன்.

"பேச்சிக்கு வராமலே போகலாம். நெறைய பேருக்கு வராது."

"வந்தா?"

"அதத் தெரிஞ்சுக்கிட நான்தான் இருக்கேனே. எனக்கு எப்பிடிப் போகுதுன்னு பாத்து எழுதி வைக்கேன்." அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா செய்வினை பலிச்சிட்டும்பாங்க. அப்புறம் ஒருத்தியும் பிள்ளையக் கொண்டு வர மாட்டா. இனி தெளிவுக்கு உங்களுதுதான். நான் இருக்கவரைக்கும் வெளிய சொல்லாதீங்க. போனப்புறம் எல்லாருக்கும் சொல்லுங்க, பேச்சிக்கும் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் பாத்துக்கிடுவா."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"பயப்படுங்க, வேண்டாங்கல. பாத்துக்கிட்டே பயப்படுங்க."

அதன் பிறகு ஊர் ஊராக என் குழாய் விளக்கில் ஏறியது. நீங்கள் சிரித்தீர்கள். ஒவ்வொரு முறையும் என் குழாயில் வெள்ளை எழும்பிவிடுமோ என்று பயந்துகொண்டே பார்ப்பேன். தெளிவாக இருந்தால், நமக்குத் தெளிந்திருக்கிறது, அம்மாவுக்கு இல்லையே என்று அதற்கும் வருந்துவேன்.

வெளிநாட்டில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் குண்டிக்காயை எடுத்து மற்றவனுக்கு வைத்திருக்கிறார்கள், அவன் பிழைத்திருக்கிறான் என்று அம்மா ஒரு முறை சொன்னார். அவர் கால் வீங்க ஆரம்பித்திருந்த சமயம். ஊரில் "அம்மா சதை போட்டிருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். நான் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "என்னுதுல ஒண்ண எடுத்துக்கிடுங்க. அது தெளிவுன்னுதான் ஊருக்கெல்லாம் காட்டியாச்சே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் நானும் ஒரு வயித்துல ஒண்ணாப் பெறக்கலியே அண்ணாச்சி. உங்களுத என் உடம்பு ஏத்துக்கிடாது, வெளிய தள்ளிரும். ஏத்துக்கிட வைக்கதுக்கும் ஆராய்ச்சி நடக்கு. என்னைக்காவது முடியும். எனக்கு முந்தி முடியாது." பிறகு, "கேக்கும்போது பயமா இருந்துச்சா?" என்றார்.

"ஆமா."

"பயந்துக்கிட்டே கேட்டீங்க பாருங்க" என்று சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது என் வீட்டில். பேச்சி கல்யாணமாகி இப்போது முழுகாமல் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். பிள்ளை உண்டாகும்போதுதான் பழைய நோய் தலைகாட்டும் என்று அம்மா முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். மூச்சு வாங்க, வண்டியிலிருந்து இறங்கி, வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"ஏட்டி, எனக்கு என்ன குழம்பு வச்சிருக்க?"

"உப்பில்லாக் குழம்பு. உங்களுக்குன்னே வச்சேன், பழிக்குப் பழி" என்றாள் பேச்சி. அம்மா சாப்பிடும் சாப்பாடே அதுதான் என்று அவளுக்குத் தெரியாது.

அம்மாவின் உடம்பு தளர்ந்திருந்ததால் பேச்சியின் நீர்க் குழாயை நான் விளக்கில் பிடித்தேன். வெள்ளை எழும்பியது. பேச்சி வெளியே யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொட்டு மருந்தை விட்டார். நாங்கள் இரண்டு பேரும் குழாயையே பார்த்தோம். வெள்ளை அசைந்து, கலைந்து, கரைந்தது. குழாய்க்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம் தெரிந்தது.

"கரைஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. புறப்படும்போது விளக்கையும் குழாயையும் மருந்துப் புட்டியையும் என்னிடமே விட்டுவிட்டு, "பிரசவம் வரைக்கும் வாராவாரம் பாருங்க. உங்களுக்குப் பாக்கத் தெரியும்" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த விளக்கும், சொட்டு விழுந்த பிறகு கண்ணை மூடாமல் நிற்கும் பழக்கமும்தான். பயம் போகவில்லை. அதைப் போக்க அவர் முயலவும் இல்லை.

இந்தத் தாள்களைப் பிழை திருத்தப் பேச்சியிடம்தான் கொடுக்க வேண்டும். அவள் இப்போது அடுப்படியில் இருக்கிறாள். வாராவாரம் பார்ப்பது வயிற்றுப் பிள்ளைக்காக என்றுதான் நினைத்திருக்கிறாள். நாகலாபுரம் வேப்ப மரம் வந்ததும் அவள் விரல் நின்றுவிடும். என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அம்மா எனக்குச் சொன்னதையே நான் அவளுக்குச் சொல்வேன்: பாத்துக்கிட்டே பயப்படு.

பார்த்ததை வாராவாரம் ஒரு சீட்டில் எழுதி அனுப்பும்படி, அம்மாவின் இடத்துக்கு வந்திருக்கும் புதிய டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை நான் சொல்லச் சொல்லப் பேச்சி எழுதினாள். வருகிற வாரம் விளக்கு ஏற்றும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நானே எழுதுவேன். 'தெளிவு' என்ற சொல் எனக்குப் பிழையில்லாமல் வரும். கரையாமல் நின்றால் எழுத வேண்டிய சொல்லையும் எழுதிப் பழகி வைத்திருக்கிறேன்.